பின்னால் ஒரு தட்டு, கதவில் ஒரு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு, பையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கல்மண்டபம் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். டீக்கடை வாசலில் ஒரே சைக்கிள்கள். முப்பது பேருக்குக் குறையாது. தலையில் ஹெல்மெட், கையில் விரல் வெட்டிய கையுறை, உடம்போடு ஒட்டின மஞ்சள் சட்டை. ஆளுக்கு ஒரு டீயைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், என் அக்கா மகள் வயதிருக்கும், ஓடிவந்து என்னிடம் ஒரு நோட்டீஸை நீட்டினாள்.

"ஆன்ட்டி, ஒரு கையெழுத்துப் போடுங்களேன். ரோட்டுல சைக்கிளுக்கும் உரிமை இருக்கு, தனிப் பாதை வேணும்னு கேக்கறோம்."

போட்டேன். மீன் பிடித்த கை. அந்தத் தாளை எந்த அதிகாரி வாங்கினாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படிப்பார். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, நல்ல பிள்ளை. "நீங்க சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

பச்சைப் பொய். அவர்கள் கிளம்பிப் போனதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தனை டயரும் ஒன்றாக உருளும்போது ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? மோட்டார் கிடையாது, ஹார்ன் கிடையாது, ஸ்ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். அதைக் கேட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோபமா, பொறாமையா, என்ன இழவோ தெரியவில்லை, அழுகை வந்தது. கையில் மீன் பையோடு நடுத்தெருவில் அழுதால் பார்க்கிறவர்கள் மீன் விலையைக் கேட்டு அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் "கொஞ்சம்" என்ன என்று உங்களிடமாவது சொல்கிறேன்.

திருவொற்றியூர் தாண்டி ஒரு ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் எனக்குப் பத்தொன்பது வயதில் வேலை கிடைத்தது. செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு வெட்டுவது, பட்டன் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது. பஸ்ஸில் போகலாம்தான். அந்த நேரத்துக்கு பஸ் வந்தால் இடம் இருக்காது, இடம் இருந்தால் பஸ் வராது. அதனால் சைக்கிள். ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததே, அதே சைக்கிள். எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போனவர்கள் பதினாலு பேர், எல்லோரும் பெண்கள். முக்கால்வாசிப் பேரிடம் அதே இலவச சைக்கிள்தான். அதே நிறம், அதே கூடை. கூத்து என்னவென்றால் ஒரு சாவியைப் போட்டால் நாலு பூட்டு திறக்கும். ஆறு மணிக்கு மணியடித்ததும் ஷெட்டுக்கு ஓடிப்போய்க் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பாதி வழியில் சீட் உயரமாக இருக்கிறதே என்று பார்த்தால் அது இன்னொருத்தியுடையதாக இருக்கும். நான் ஒரு தடவை வாரம் முழுக்க வேறொருத்தி சைக்கிளை ஓட்டி, அதற்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய்கூட விட்டேன். உடையவள் வந்து "தேங்க்ஸுடி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

எங்களுக்கு முன்னால் போகிறவள் பாக்கியம். என்னைவிட மூன்று வயது பெரியவள், கம்பெனியில் காலர் தைப்பவள். அவள் புருஷன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற வேலை. இரண்டு வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள் என்றால் அவளைப் பிடிக்க முடியாது. கடைசிக்கு முன்னால் குமுதா. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பக்கத்து வீடு. மெதுவாகத்தான் மிதிப்பாள், கேட்டால் "இன்னா அவசரம், சட்டை இன்னா ஓடியா பூடப் போவுது?" என்பாள். கடைசியில் நான். அப்போதும் நான் குண்டுதான். எதிர்க்காற்றில் மிதித்தால் நாக்கு வெளியே வந்துவிடும்.

காலை ஏழு ஐம்பத்தைந்துக்குக் கல்மண்டபம் முனையில் அண்ணாச்சி மளிகைக்கடை வாசலில் கூடுவோம். அண்ணாச்சி தெற்கத்திக்காரர். "கடைக்கு வாரவன் வாசல்ல எப்படி ஏறுவான்? சைக்கிளா நிறுத்தி வச்சிருக்கிய, கோட்டையில்லா கட்டியிருக்கிய" என்று தினமும் கத்துவார். தினமும் கத்திவிட்டு, எவளாவது வரவில்லை என்றால் அவரே "அந்த ஒல்லிப் புள்ள எங்க?" என்று கேட்பார்.

காலையில் பிரச்சினை இல்லை. கடல் வலது பக்கம், கல் கொட்டின கரை, உப்புக் காற்று, கருவாட்டு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எந்த இடம் என்று மூக்கு சொல்லிவிடும். சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் பேஜார். இடது பக்கம் கடல் இருக்க வேண்டிய இடத்தில் ட்ரெய்லர்கள் நிற்கும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் வண்டிகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக, கண்ணுக்கெட்டின வரைக்கும். அரை மணிக்கு ஒரு தரம் பத்தடி நகரும். சைக்கிள் போகிற ஓரம் மொத்தமும் அவர்களிடம். நாங்கள் அந்த வண்டிகளை ஒட்டி, வேகமாக வருகிற லாரிகளுக்கும் இவர்களுக்கும் நடுவில் போக வேண்டும். டிரைவர் கதவு எங்கள் பக்கம்தான் திறக்கும்.

ஒரு நாள் திறந்தது. பாக்கியம் முகத்துக்கு நேரே. விழுந்தாள், முழங்கை கிழிந்துவிட்டது. நான் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் எழுந்தாள், புடவையைத் தட்டினாள், சைக்கிளை எடுத்து அந்த வண்டிக்கு முன்னால் குறுக்கே படுக்கப் போட்டாள். "இன்னாடி பாத்துகினு கீறீங்க, போடுங்க!" என்று ஒரு அதட்டல். பதினாலு சைக்கிளும் ரோட்டில் படுத்தன. பின்னால் ஹார்ன் என்றால் ஹார்ன், காது கிழிகிறது. டிராபிக் போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"இன்னாமா, ரோடு உங்கப்பன் வூட்டுதா?"

"எங்கப்பன் வூட்டுது இல்ல சார். லாரிக்காரன் அப்பன் வூட்டுதும் இல்ல. அல்லாருக்கும் பொதுதான? ரெண்டு அடி, ரெண்டே ரெண்டு அடி வுட சொல்லு, நாங்க பாட்டுக்கு போய்கினே இருக்கோம்."

இறங்கி நின்ற டிரைவர்தான் பேசினார். நாமக்கல் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். "வேணும்னு பண்ணலீங்க. கண்ணாடில சைக்கிள் தெரியறதே இல்லீங்க. வரும்போது பெட்டியத் தட்டிப்போட்டு வாங்க. சத்தம் கேட்டா கதவையும் தொறக்க மாட்டோம், வண்டியையும் நகத்த மாட்டோமுங்க."

"நாங்க அல்லாரும் தாண்டிட்டோம்னு உனக்கு எப்பிடி தெரியும்?" என்றாள் பாக்கியம்.

"கடைசியா வர்றவங்க என்ற கதவத் தட்டுங்க."

அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுத்தில் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. வரிசையில் நிற்கிற டிரைவர்கள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், சேதி குழம்போடு பரவிவிட்டது. முதலில் போகிற பாக்கியம் ஒவ்வொரு ட்ரெய்லரின் பின் மூலையிலும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவாள். டம். வருகிறோம் என்று அர்த்தம். கடைசியில் வருகிற நான் டிரைவர் கதவில் ஒரு தட்டு. தாண்டிவிட்டோம், நீ போகலாம் என்று அர்த்தம். நடுவில் எந்த வண்டியும் அசையாது. முன்னால் இருப்பவன் நகர்ந்து வழிவிட்டாலும் அசையாது. சில டிரைவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் வருகிற லாரியையும் நிறுத்துவார்கள். நினைத்துப் பாருங்கள், நூல் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்காக நாற்பது அடிப் பெட்டி நிற்கிறது! வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட யாரும் கொண்டுவந்து தந்ததில்லை எனக்கு.

குண்டாக இருந்ததால் கிடைத்த கடைசி இடம் எனக்குப் பெரிய பதவியாகிவிட்டது. பாக்கியம் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "பதிமூணு முதுவு எண்ணிட்டு தான் கதவுல கை வைக்கணும். புர்தா?" எண்ணுவேன். ஒவ்வொரு கதவுக்கும் எண்ணுவேன். வீட்டுக்குப் போகும்போது உள்ளங்கையில் கரேல் என்று அழுக்கும் துருவும் அப்பியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடு சோறு பிசைந்தால் அம்மா திட்டுவாள். எனக்கு என்னவோ பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். நீல நிற ட்ரெய்லர் ஒன்று அடிக்கடி வரும். அதன் டிரைவர் சின்ன வயசு, சுருட்டை முடி. நான் கதவைத் தட்டும்போது எட்டிப் பார்த்துச் சிரிப்பார். பேர்கூடத் தெரியாது. மற்ற டிரைவர்களை எல்லாம் "போலாம்ணா" என்பேன். இவரை மட்டும் "போலாம்" என்பேன். அந்த "ணா"வை விட்டது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பதிமூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம். பெரிய ஆர்டர் முடிந்து கம்பெனியில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு சினிமாப் பாட்டு, ஒரே கும்மாளம். தூரத்தில் நீல வண்டி தெரிந்தது. எனக்குக் காலில் எங்கிருந்து பலம் வந்ததோ. முன்னால் குமுதா வழக்கம்போல ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போனேன். ஆறு வருஷத்தில் நான் யாரையும் தாண்டினது அதுதான் முதல் தரம். கதவுக்கு வந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். தட்டினேன். "போலாம்" என்றேன்.

முதுகை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பன்னிரண்டுதான் வந்திருக்கும்.

வண்டி நகர்ந்து வலது பக்கம் திரும்பியது. குமுதா அப்போது பெட்டியின் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தாள். அவள் கத்தினது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஹேண்டில் பாரைப் பெட்டி தள்ளிச் சாய்த்துவிட்டது. பின் சக்கரம் சைக்கிளின் முன் சக்கரத்தின் மேலும் அவள் இடது பாதத்தின் நுனியிலும் ஏறி நின்றது. உயிர் போகவில்லை. இரண்டு விரல் போனது.

அந்த டிரைவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆட்டோவில் போட்டார். போலீஸ் வந்து சட்டையைப் பிடித்தபோது "கதவ தட்டுனாங்க சார், சத்தியமா தட்டுனாங்க" என்று அழுதுகொண்டே இருந்தார். போலீஸ்காரருக்கு அது என்னவென்று புரியவில்லை. புரிந்த பதிமூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான்தான் தட்டினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திங்கக்கெழமை வா" என்றாள். "பின்னால நீதான் வரணும்."

"என்னால முடியாதுக்கா. என் கையே எனக்கு புடிக்கல."

"முடியாதுன்னு நீ குந்திக்கினா இவளுங்க ஒருத்தி கூட வர மாட்டாளுங்க. நாலு பேரு அஞ்சு பேருன்னு போனா எவன் நிப்பான்? இத்தினி வருசம் சண்ட போட்டு வாங்குன ரெண்டு அடிடி அது. பூடும். நீ எண்ணுனா போதும், நான் நம்புறேன். வா."

வருகிறேன் என்று தலையாட்டினேன்.

போகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி வேன் விட்டது, விபத்து நடந்ததால். பேர் கொடுத்த முதல் ஆள் நான். வேனில் வலது பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காருவேன். சாயங்காலம் சைக்கிள்கள் இடது பக்கம் போகும், பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒன்பது பேராம். அப்புறம் ஆறு பேராம். ஒவ்வொருத்தியாக வேனுக்கு வந்துவிட்டார்கள். பாக்கியம் மட்டும் வரவில்லை. தனியாகவே போய்க்கொண்டிருந்தாள். பின் மூலையில் தட்டிவிட்டு, நாற்பது அடியும் மிதித்து வந்து, கதவிலும் அவளே தட்டிக்கொண்டு போகிறாள் என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த நாளாவது போயிருக்கலாம் இல்லையா? அதுவும் இல்லை. வரிசையில் புது டிரைவர்கள் வந்தார்கள், தட்டினால் "யாருடா அது வண்டிய அடிக்கறது" என்று கத்தினார்களாம். ஒரு கட்டத்தில் அவளும் கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். துறைமுகத்தை ஒட்டின அவர்கள் குடிசைகளை எடுத்து, எல்லோரையும் ஊருக்குத் தெற்குக் கோடியில் அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் போனதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

குமுதா என்னோடு பேசாமல் இருந்தது ஒரே ஒரு வாரம். "அட போமே, ரெண்டு வெரலு தான? பத்துல எட்டு பாக்கி கீது. நீ மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறத பாத்தாதான் எனக்கு கால் வலிக்குது" என்றாள். இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறாள், அதையும் மெதுவாகத்தான். அவளுக்காக நான் இன்னும் அழுதால் அவளே அடிப்பாள். ஆனால் பாக்கியம் விஷயம் அப்படி முடியவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் அண்ணாச்சி கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், அவர் கேட்டார்.

"அந்தப் பாக்கியம் புள்ளைக்கும் ஒனக்கும் என்னம்மா மனத்தாங்கல்? நீ வேன்ல போவ ஆரம்பிச்ச பொறவு ஒரு வாரம் அவ இங்கனதான் நின்னா. மத்த புள்ளைகள முன்னால போவச் சொல்லிட்டு, ஒத்தக் காலத் தரையில ஊனிக்கிட்டு, எட்டேகால் வரைக்கும் நிப்பா. கம்பெனிக்கு லேட்டாவும்லா? நாந்தான் சொன்னேன், அவ வேன்ல போறா, நீ ஏன் நிக்கன்னு. அதுக்கு அவ, தெரியும் அண்ணாச்சி, மனசு மாறி வந்தாலும் வருவா, வந்தா ஒருத்தரும் இல்லாம திரும்பிப் போயிரக் கூடாதுல்லன்னா."

நான் அங்கேயே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார், சோடா உடைத்துக் கொடுத்தார் பாவம், வெயில் என்று நினைத்துக்கொண்டு.

வேன் அந்த முனை வழியாகத்தான் வருவதாக இருந்தது. "அங்க வேணாம்ணா, நான் அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கறேன்" என்று டிரைவரிடம் சொன்னவள் நான். அடுத்த ஸ்டாப் ஒரு தெரு தள்ளி. அந்த ஒரு வாரமும், அவள் அங்கே நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில், நான் ஒரு தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நடந்தால் இரண்டு நிமிஷம்.

இப்போது நான் மெட்ரோவில் வேலைக்குப் போகிறேன். குளுகுளு என்று ஏசி, யாரும் யாரையும் எண்ண வேண்டியதில்லை. எப்போதாவது சாயங்காலம் ஆட்டோவில் அந்தக் கடற்கரை ரோட்டில் வருவேன். ட்ரெய்லர்கள் இன்னும் நிற்கின்றன. சைக்கிள் என்று பார்த்தால் யாரோ ஒரு வாட்ச்மேன், கேரியரில் சாப்பாட்டுப் பையோடு, தோளைக் குறுக்கிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தனியாகப் போவார். அவருக்காக எந்த வண்டியும் நிற்பதில்லை. ஒரு காலத்தில் நின்றன என்று சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

பாக்கியத்தின் நம்பர் குமுதாவிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பாள், நான்தான் இன்னும் கேட்கவில்லை. கேட்டுப் பேசினால் திட்ட மாட்டாள், அது எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. "வந்துட்டேன்கா, பின்னால நான் வர்றேன்" என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று அத்தனை ஆசை. அவளுக்கு இப்போது முழங்கால் போய்விட்டதாம், சைக்கிளை எடைக்குப் போட்டுவிட்டாளாம்.

வருகிறேன் என்று இனிமேல் யாரிடம் சொல்வது?